சால்னா கவர்

கொருக்குப்பேட்டையில்
யாரும் தோண்டாத நிலவறை எங்களுடையது.
ரோட்டு மேல ரோடு போட்டு
தெரு ஏறிப்போனது, வீடு தங்கிவிட்டது.
ஜன்னலில் செருப்புகள் நடக்கும்.

ஈரச் சுவரில்
சால்னா கவரைக் கழுவித் துடைத்து வெட்டி
நாலு பக்கமும் டேப் ஒட்டினார் கொத்தனார் மஸ்தான்.
"மேல வேர்த்தா உங்க மூச்சுக்காத்து.
அடியில வேர்த்தா வெளித்தண்ணி."

இரண்டு நாள்
அதைப் பார்த்தபடியே சாப்பிட்டோம்.

அடியில்தான்.

அஞ்சு வருஷம் கார்ப்பரேஷனைத் திட்டிய வாயோடு
நானும் ரூபாவதியும் பின்பக்கம் போனோம்.
பூச்சை உதிர்த்து மோந்து பார்த்து
மஸ்தான் சிரித்தார்:
"மழை இல்ல. சோப்பு."

சுவரை ஒட்டிக் கிடந்தது
எங்கள் துவைக்கிற கல்.
அதன் கீழே, விரல் நுழையும் விரிசல்.

கல்லைத் தள்ளிப் போட்டோம்.
விரிசலை அடைத்து
சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் வைத்தார்.

ஐப்பசி வரட்டும் என்று
கவரை மட்டும் பிய்க்கவில்லை.