கவிழ்த்து வைத்த கல்

எழுத்து வெட்டுகிறவன் நான். பெயர் சாவென்.
ஷிராக் சமவெளியின் இளஞ்சிவப்பு எரிமலைக்கல்
என் உளிக்கு ரொட்டி மாதிரி.
பெருமைதான். ஒத்துக்கொள்கிறேன்.
இந்தக் கணக்கில் பெருமை என்று ஒரு பத்தி இருந்தால்
முதல் வரி என்னுடையது.

வாகிநாக் ஒன்பது மாடி கட்டினான்.
முகப்பில் தன் பெயர் வேண்டும் என்றான்,
தெருமுனையிலிருந்தே தெரிய வேண்டும் என்றான்.
முழங்கை நீளத்தில் ஒவ்வோர் எழுத்தாக வெட்டினேன்.
சாரத்தில் நின்றபடி கீழே பார்த்தேன்:
ஒரு மூட்டை சிமெண்ட், பிறகு மணல்,
பிறகும் மணல்.
கலவைக்காரன் என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
கூலி அன்றன்றைக்கே கிடைத்தது.

டிசம்பரில் பூமி ஒருக்களித்துப் படுத்தது.
அரை நிமிடம்கூட இருக்காது.
சதுக்கத்துக் கடிகாரம் நின்ற நேரத்தை
இன்றும் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வாகிநாக்கின் பெயர் மட்டும் உடையவில்லை.
இடிபாட்டின் மேல் மல்லாந்து கிடந்தது,
அத்தனை எழுத்தும் வானத்தைப் பார்த்தபடி.
அதைப் புரட்டித்தான்
ஷோகாகத்தின் பிள்ளைகள் இரண்டையும் எடுத்தோம்.
சளிக்காய்ச்சல், அன்று பள்ளிக்குப் போகவில்லை.
சின்னவன் கழுத்தில் அம்மாவின் கம்பளித் துண்டு.

தேவகோபம் என்றார்கள் ரொட்டி வரிசையில்.
சவப்பெட்டிகளின் நடுவே நின்ற
பாதிரியார் தேர் கோரியூன் திரும்பினார்:
"வாகிநாக் உயிரோடு இருக்கிறான்.
அப்படியானால் யார்மேல் கோபம்?"
யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.
ஜெபப்புத்தகத்தை மூடிவிட்டு
மண்வெட்டியை எடுத்தார்.

சிறைக்குப் போனான், திரும்பி வந்தான் வாகிநாக்.
ஒருநாள் கோயில் வாசலில் தொப்பியைக் கசக்கியபடி நின்றான்:
"பழைய மடங்களில் பிரபுக்கள் செய்திருக்கிறார்களே, தேர் ஹயர்.
கல்லறைக் கல்லை வாசலில் பதிக்கச் சொல்லி,
வருகிறவன் போகிறவன் மிதிக்கட்டும் என்று.
என் பெயரையும் அப்படி வையுங்கள்."

பாதிரியார் வெகுநேரம் அவனைப் பார்த்தார்.
"மிதிபடுவதற்கும் பெயரோடுதான் வர வேண்டுமா, மகனே?"

அழுவான் என்று நினைத்தேன்.
புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான்.
மார்ச்சில் செத்தான்.
வெறுங்கல்லாகப் பதி என்றார் பாதிரியார்.

அன்றிரவு பட்டறையில், அந்தக் கல்லின் அடிப்புறத்தில்,
அவன் பெயரை வெட்டினேன், சுண்டுவிரல் நகம் உயரத்தில்.
உளியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.
அதற்குக் கீழே என் பெயர்.
எழுத்து மண்ணைத் தொடும்படி கவிழ்த்துப் பதித்தேன்.
படிக்க வேண்டியவருக்கு
மேல்புறம் அடிப்புறம் கிடையாது.

ஊரே மிதிக்கிறது.
கல்யாணப்பெண்ணின் குதிகால், தபால்காரனின் நொண்டிக் கால்,
மழைக்கு ஒதுங்கும் ஆடு.
ஷோகாகத் மட்டும் மிதிப்பதில்லை.
யார் சொன்னார்களோ அவளுக்கு.
ஞாயிறுதோறும் சுவரை உரசிக்கொண்டு சுற்றிப் போவாள்,
பாவாடை நுனிகூட அந்தக் கல்லில் படாமல்.
மிதிபட்டால் போதும் என்று நினைத்திருந்தோம் நாங்கள் இருவரும்.
மிதிக்கவும் தகாதவர்களாக இருந்தோம்.

இந்த ஜனவரி, கர்த்தர் பிறந்த நாள்,
முழங்கால் ஆழப் பனி.
படி எது, கல் எது என்று தெரியாத வெள்ளை.
அவளுக்குத் தெரியும்.
நின்றாள். ஏறினாள்.
வலது பூட்சை ஒருமுறை, இடது பூட்சை ஒருமுறை
கல்லின் மேல் ஓங்கி உதறினாள்.
உள்ளே போய்விட்டாள்.

வாசலில் காலை உதறிவிட்டுப் போனால் என்ன பொருள் என்று
சுவிசேஷம் கேட்டு வளர்ந்தவனுக்குத் தெரியும்.
பனியில் நடந்து வருகிறவர்கள்
பூட்சை உதறிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்,
அதுவும் தெரியும்.

ஆராதனை முடிந்ததும் வாசல் பெருக்குவது என் முறை.
துடைப்பத்தோடு வந்தேன்.
இரண்டு குதிகால் தடங்கள்.
தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன்.
மேலே பனி விழுந்துகொண்டேயிருந்தது,
தடத்திலும், என் வழுக்கையிலும்.