சனிக்கிழமை, பத்து முதல் நான்கு வரை

பத்து மணிக்கு விருந்தாளிகள் போயாக வேண்டும்.
நான்கு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள்.
நடுவில் இந்த வீடு
எனக்கும் என் வாளிக்கும்.

முதலில் படுக்கை விரிப்புகள். அப்புறம் கழிவறை.
எல்லாம் முடிந்தபின் ஜன்னலோரம் உட்கார்ந்து
நோட்டைப் படிப்பேன்.
"பார்த்த விலங்குகளை இதில் எழுதுங்கள்" என்று
வீட்டுக்காரி எஃபி மெக்ரூரி அட்டையில் ஒட்டிவைத்த நோட்டு.

நீர்நாய், தூரத்தில், ஒரு புள்ளி போல.
(மிதக்கும் கட்டையாகவும் இருக்கலாம்.)
மான், பதினொன்று.
கழுகு, பக்கத்தில் கேள்விக்குறி.
லீட்ஸிலிருந்து வந்த குடும்பம்:
"ஐந்து இரவு விழித்திருந்தோம். மார்ட்டென் வரவில்லை.
வெந்நீர் அருமை."

பைன் மார்ட்டென்.
கீரியின் நீளம், பூனையின் திமிர்,
காப்பிக்கொட்டை நிறம்,
தொண்டையில் மட்டும் முட்டைக்கரு சிந்தின மாதிரி மஞ்சள்.
அதற்காகத்தான் இத்தனை பேர் படகேறி
ஸ்காட்லாந்தின் இந்த மூலைக்கு வருகிறார்கள்.
ராஸ்பெர்ரி ஜாமை ஜன்னல் கட்டையில் தடவி,
விளக்கணைத்து, மூச்சடக்கி,
தும்மியவரை மற்றவர்கள் முறைத்து.
அந்த ஜாமைச் சுரண்டுவது நான்.
நூறு கொசுக்கள் ஒட்டிய ஜாம்.

அதற்கு எல்லாம் தெரியும்.
கார்க் கதவு கடைசியாகச் சாத்தும் சத்தம் தெரியும்.
சரளைக்கல் அடங்கும்வரை விறகுக் கூரையில் காத்திருந்து
பட்டப்பகலில்,
வாடகை பாக்கி கேட்க வந்த ஆள்போல
பின்வாசல் படியில் நிற்கும்.
நான் ஒன்றும் பேசமாட்டேன்.
போனவர்கள் விட்டுப்போன பான்கேக், பாதி அவித்த முட்டை,
எது கிடைக்கிறதோ அது.
எஃபிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.
அவள் கோழி வளர்க்கிறாள்.

ஜூனில் ஒருவர் தனியாக வந்தார்.
ஆரின் பைபஸ். ஹல் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
இரண்டு வாரம். வந்தது பேருந்தில், கார் கிடையாது.
நடுச் சனிக்கிழமை விரிப்பு மாற்றப் போனேன்.
கூப்பிட்டேன், பதிலில்லை.
நடக்கப் போயிருப்பார் என்று
என் பாட்டுக்குப் பின்கதவைத் திறந்துபோட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, நோட்டில் அவர் பக்கம்.
அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்:

ஞாயிறு. ஒன்றுமில்லை. மழை.
திங்கள். ஒன்றுமில்லை. மழை.
செவ்வாய். ஒன்றுமில்லை. சர்க்கரையில் எறும்பு.
புதன், வியாழன், வெள்ளி: மேற்படி.
சனி, 10.40. படகுக் கொட்டகையிலிருந்து, பலகை இடுக்கு வழியாக.
மார்ட்டென், வளர்ந்தது, ஒன்று.
பெண், வளர்ந்தது, ஒன்று. நீல ஏப்ரன்.
பான்கேக்கைப் பிய்த்து இரண்டும் தின்றன.
பெண் சிரித்தது.
பிறகு ரப்பர் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தது.
காரணம் தெரியவில்லை.
தொந்தரவு செய்யவில்லை.

கோபம் வந்தது, பொய் சொல்வானேன்.
ஒளிந்திருந்து என்னைப் பார்க்க இவர் யார்?
பக்கத்தைக் கிழிக்கக் கை வைத்தேன்.
வைத்த கையோடு இன்னொரு தடவை படித்தேன்.
அன்று எதற்கு அழுதேன்?
பிளீச் நெடியாக இருக்கும்.
இல்லை, அதுவும் இல்லை.
கடைசி வரியில் மட்டும்
பேனா அழுந்தி அடுத்த தாள்வரை தடம் பதிந்திருந்தது.

கிழிக்கவில்லை.
10.40-ஐ அடித்து 10.25 என்று திருத்தினேன்.
அதை நான் ஒருநாளும்
பத்தரை தாண்டிக் காக்கவைத்ததில்லை.

நான்கடிக்க ஐந்து நிமிடம். சரளையில் கார்.
விறகுக் கூரையிலிருந்து ஒரு வால் நழுவியது.
முதலில் குதித்திறங்கிய சிறுமியின் கழுத்தில்
அவள் முகத்தைவிடப் பெரிய தொலைநோக்கி.
"இங்கே மார்ட்டென் வருமா?"

"குப்பைத்தொட்டி மூடியை
இறுக்கிப் போடச் சொல் அப்பாவிடம்" என்று சொல்லி
சாவியைக் கொடுத்தேன்.