ஏழாவது நிபந்தனை

முத்துப்பட்டணத்து வீட்டில் என் பங்கு
இரண்டாம் கட்டில் நாலு அறை, ஒரு குளியலறை.
வாடகைக்கு விட்டபோது பத்திரத்தில் எழுதினேன்:
மின்விசிறி மூன்று, ஹீட்டர் ஒன்று, பிரிட்ஜ் ஒன்று,
எல்லாம் நல்ல நிலையில்.

விசிறி சுற்றியது. வெந்நீர் வந்தது.
அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது
என்றிருந்தேன்.

தரையைத்தான் யோசித்து யோசித்து எழுதினேன்.
ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழக்கூடாது,
ஆசிட் ஊற்றக்கூடாது, கட்டிலை இழுக்கக்கூடாது.
ஏழாவது: வீட்டுக்குள் செருப்பு கூடாது.

ஐந்தாம் பங்கில் அயர்ன் பாக்ஸ் கருகிய மறுநாள்
வயர்மேன் முத்துராக்கு இந்தப் பக்கமும் வந்தார்.
பிளக்குகளை உருவி
முதலில் மோந்து பார்த்தார்.
பிரிட்ஜ் வயரில் எலி கடித்த இடத்தில்
நான் சுற்றிவைத்த செல்லோடேப்பை உரித்து
ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார்.

குளியலறையில் பெட்டியைக் கழற்றி
டார்ச் அடித்தார்.
முன்னால் மூன்று துளை, பின்னால் இரண்டு கம்பி.
"எர்த்தே இழுக்கலை ஆச்சி.
பெரிய ஓட்டை சும்மா, பார்வைக்கு."

ஜி.எச்.சில் நைட் டியூட்டி முடித்து வந்த ஜெசிந்தா
தூக்கக் கண்ணோடு கதவோரம் நின்றாள்.
"பைப்பைத் தொட்டா சுர்ருங்கும்.
அதான் செருப்புப் போட்டுக்கிட்டுக் குளிக்கிறோம்.
பாப்பாவுக்கும் ஒரு ஜோடி வாங்கிட்டேன்."

நீலச் செருப்பு, என் உள்ளங்கை நீளம்.
போன மாதம் அதைத்தான்
இரண்டு விரலால் தூக்கி வாசலில் வைத்தேன்.
ஏழாவது நிபந்தனை என்றேன்.
மன்னிப்புக் கேட்டவள் அவள்.

பின்கட்டில் குழி வெட்டி
கரியும் உப்பும் போட்டுத் தகடு இறக்கினார்கள்.
கம்பிக்கு வழி எடுத்ததில் மூன்று கல் உடைந்தது.
அட்வான்ஸில் கழிக்க
இந்த முறை யார் பெயரும் இல்லை.

புதுப் பெட்டியில் ஒரு சின்னப் பித்தானைக் காட்டி
முத்துராக்கு சொன்னார்:
"மாசம் ஒருதரம் அமுக்கிப் பாருங்க.
அணைஞ்சா, அது உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

அமுக்கினேன்.
மூன்று விசிறியும் முனகி முனகி ஓய்ந்தன.
"அம்மா, கரண்ட் போச்சு!"

அரை இருட்டில்
ஈரச் செருப்புச் சத்தம் ஒன்று
சளக் சளக்கென்று
கல்மேல் என்னை நோக்கி வந்தது.

வரட்டும்.