சரளை

தார் முடிகிற இடத்தில் பலகை எதுவும் இல்லை.
கானாடுகாத்தானின் கடைசி வீட்டுப் பின்சுவரைக்
கடக்கவே எனக்கு இரண்டு நிமிடம் ஆனது.
அதன் நிழல் தீர்ந்ததும்
முன்சக்கரம் ஒரு சத்தம் போட்டது,
தகர டப்பாவில் கடலையைக் கொட்டியது போல.

பழைய வண்டி. பதினெட்டாயிரம்.
செக்காலையில் கடை வைத்திருக்கும் இப்ராம்ஷா
டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து
"இம்புட்டுக் காத்து எதுக்குண்ணே,
கல்லுக்குக் கல்லு குதிக்கும்" என்று
வால்வை அழுத்திப் பிடித்தான்.
ரப்பர் வாசத்தோடு போனது
நான் அரைமணி நேரம் மூச்சு வாங்க அடித்த காற்று.
"நாப்பது போதும்."
என் வயதைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

கோட்டையூர் மருந்துக்கடையில்
சீட்டைப் பார்த்து
எதை எப்போது விழுங்க வேண்டும் என்று சொல்வது என் வேலை.
ப-ப-பகலில் ஒன்று, என்பேன்.
"ராத்திரி ஒண்ணு, அதானே?"
மிச்சத்தை வரிசையில் நிற்பவர்கள் முடித்துவிடுவார்கள்.
அன்பாகத்தான்.
பதினாறு வருடமாக அன்பாகத்தான்.

சரளமாகப் பேச வராதவன்
சரளைக்குப் போகிறேன் என்று
நேற்று ராத்திரி கனகவல்லியிடம் சொன்னேன்.
சொல்லி முடிக்க நேரமானதால்
நகைச்சுவை ஆறிவிட்டது.
"ஹெல்மெட்ட மறந்துறாதீக" என்றாள்.

முதல் ஐந்நூறு மீட்டர்
கைப்பிடியை நெரித்துக்கொண்டே போனேன்.
பல் பல்லோடு பேசியது.
தண்ணீர் பாட்டில் கழன்று ஓடையில் உருண்டது.
எந்தக் கல்லைப் பார்த்துப் பயந்தேனோ
சக்கரம் அந்தக் கல்லைத் தேடிப் போய் ஏறியது.
எனக்கு இது தெரிந்த சங்கதி.
தூரத்திலேயே ஒரு 'ப' வருவதைப் பார்த்துவிட்டால்
அதில்தான் போய் முட்டுவேன்.

கண்மாய்க் கரையில் மணல்.
ஆனி மாதத்துக் கண்மாய்,
நடுவில் ஒரு பாய் அளவு தண்ணீர், நாலு கொக்கு.
பிரேக்கைப் பிடித்தேன்.
விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
கால் உடைந்த நாற்காலி போல
மெதுவாகச் சாய்ந்தேன்.

ஆடு மேய்க்கும் முத்துராக்கு,
என்னைவிடப் பத்து வயது இளையவள்,
கேட்டாள்: "பிரேக்கு இல்லையா?"
"இ-இ-இ-"
அவள் முடித்துக் கொடுக்கவில்லை.
காத்திருந்தாள்.
என் வாழ்நாளில் எவரும் இவ்வளவு பொறுமையாக
"இருக்கு" என்ற வார்த்தைக்குக் காத்திருந்ததில்லை.
பிறகுதான் பார்த்தேன், காதில் இயர்போன்.
என்னைத் தாண்டி
ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முழங்கை தேய்ந்த இடத்தில் செம்மண்ணே மருந்து போல் அப்பியிருந்தது.
மருந்துக்கடைக்காரன், கையில் ஒரு துண்டுப் பஞ்சில்லை.
ஏறினேன்.
விரல்களைத் தளர்த்தினேன், முழங்கையை மடக்கினேன்,
சக்கரத்தை விட்டுவிட்டுத்
தூரத்து செல்போன் கோபுரத்தைப் பார்த்தேன்.
வண்டி தன் பாட்டுக்கு இடம் வலம் நெளிந்தது.
நெளியட்டும் என்று விட்டேன்.
நேராகப் போகவில்லை.
போனது.

ஒரு மயில் சாலையைக் கடந்து,
பாதியில் யோசித்துத் திரும்பியது.
தைலமரக் காட்டுக்குள் யாரோ விறகு பிளக்கிறார்கள்.
சத்தம் கோடரிக்குப் பின்னால் வந்தது.
எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தெரியவில்லை,
ஒரு பாட்டரி விளம்பரச் சுவரும்
இடிந்த மடையும் கடந்து போனதாக ஞாபகம்.

பின்சக்கரம் குழைந்தது.
சீமைக்கருவேல முள், கட்டைவிரல் நீளம்.
இப்ராம்ஷாவை அழைத்தேன்.
"ப-ப-"
"பஞ்சரா?"
அவன் முடித்துவிட்டான். கோபம் வரவில்லை.
"முள்ளப் பிடுங்கிராதீக,
இருக்கிற காத்தும் போயிரும்."

தள்ளிக்கொண்டு நடந்தேன்.
தார் வந்ததும்
சுற்றுக்கு ஒருமுறை
முள்ளின் தலை தரையில் தட்டியது.
ப, என்றது.
ப.
ப.
பள்ளத்தூர் இன்னும் இரண்டு கல்.