மூன்றாவது காற்றாலை

ஹோடெலீவ ஒலியை அணைத்துவிட்டாள்.
"வர்ணனை வேண்டாம், பந்தயத்தைப் பார்ப்போம்."
பியர்க் கோப்பைகள் கழுவும் சத்தத்தில்
நூற்றெழுபது பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்
திரையில், கடலோரச் சாலையில்.

நான் காற்றாலைக்கு இறக்கை பொருத்துகிறவன்.
போர்த்துகல்காரன். பெயர் ஆந்தேரோ.
வேலை எந்த ஊரில் இறக்கிவிட்டாலும்
முதலில் ஒரு தொலைக்காட்சியைத் தேடுவேன்.
புரியாத ஏழு மொழிகளில்
ஒரே மலையை ஏறியிருக்கிறேன்.

கொலம்பியாவில், ரியோவாச்சாவில், காலை ஏழு மணி.
முட்டை வைத்த சோள அடை பொரியும் கடை.
தொலைக்காட்சி போதாதென்று வானொலியும் அலறும்.
வானொலி திரையைவிட ஆறு விநாடி முந்தி.
எண்ணெய்ச் சட்டியருகே நூபியா
கரண்டி பிடித்த கையாலேயே வாயைப் பொத்தினாள்.
திரையில் அவள் ஊர்ப் பையன் இன்னும் விழவில்லை.
வளைவுக்குள் அழகாகச் சாய்ந்துகொண்டிருந்தான்.
அந்த ஆறு விநாடியும்
நான் அவனைப் பார்க்கவில்லை.

அஸ்மாராவில் விசாவுக்காக மூன்று நாள்.
மக்கியாட்டோ மணக்கும் கடை, நிற்க இடமில்லை.
உச்சிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில்
மின்சாரம் போனது.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
அணைந்த திரையைப் பார்த்தபடியே தச்சர் தெவெல்டே
மீதி மலையைச் சொல்லத் தொடங்கினார்:
இதோ இருக்கையை விட்டு எழுகிறான்,
இதோ திரும்பிப் பார்க்கிறான், பின்னால் யாருமில்லை.
பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல
நானும் கைதட்டினேன்.
வெளிச்சம் வந்தபோது
அவர்கள் பையன் பதினோராம் இடம்.
தெவெல்டே தோளைக் குலுக்கினார்:
"நான் சொன்ன பந்தயத்தில் அவன்தான் முதல்."

அகிதாவில் விடுதி அறை, நள்ளிரவு.
அடுத்த அறைக்காரர் தூக்கம் கெடாதபடி
ஒலியைக் குறைத்தேன்.
சுவருக்கு அப்பாலும் அதே ஹெலிகாப்டர் முனகல்.
காலையில் செருப்பு மாற்றும் இடத்தில்
சிவந்த கண்களோடு ஒருவர் எனக்குத் தலைவணங்கினார்.
நானும் வணங்கினேன்.

இன்று இங்கே, பிளாண்டர்ஸில்,
மேல்காற்று சாலைக்குக் குறுக்கே விழுந்தது.
வர்ணனை எதற்கு?
ஓரத்துப் புல் ஒரே பக்கம் படுத்துக் கிடந்ததே.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்:
நீலச் சட்டை அணி முன்னால் போய்த் தூற்றத் தொடங்கியது.
கூட்டம் சாலை முழுக்க விசிறியாய் விரிந்தது.
இங்கேயும் அதற்கு விசிறி என்றுதான் பெயர்.
விசிறியில் இடம் கிடைக்காதவர்கள்
பதர்போல ஒவ்வொருவராய்ப் பின்னால் போனார்கள்.

கேமரா மேலே எழும்பியது.
வயல் நடுவே பதினான்கு காற்றாலைகள்.
"அதோ, மூன்றாவது என்னுடையது" என்றேன்.
மூன்று வருடம் முன்பு, பிப்ரவரியில்,
விரல் மரத்துப்போய்
ஒரு மரையாணிக்காக அரைமணி நேரம் கெட்ட வார்த்தை பேசிய இடம்.
ஹோடெலீவ கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.
"அது சுற்றவில்லையே."

மற்ற பதின்மூன்றும் சுற்றின.
படம் தேவாலயக் கோபுரத்துக்குத் தாவிவிட்டது.
நான் காஸ்பருக்குப் போன் போட்டேன்,
அந்தப் பக்கத்துப் பராமரிப்பு அவன் பொறுப்பு.
காதுக்குள் காற்றின் இரைச்சல்.
"நான்தான் நிறுத்தினேன், மேலே இருக்கிறேன்.
ஏதோ கிரீஸ் வேலை என்று எழுதிக்கொள்ளலாம்.
சாலை முழுக்கத் தெரிகிறது, ஆந்தேரோ,
எறும்பு மாதிரி, ஆனால் சட்டை நிறம்கூட…
ஐயோ. மஞ்சள் தலைக்கவசம்.
வாய்க்காலுக்குள் போய்விட்டான்."

திரையில் மஞ்சள் தலைக்கவசம்
விசிறியின் நுனியில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தது.
ஹோடெலீவ அவன்மேல் இருபது யூரோ கட்டியிருந்தாள்.
கோப்பையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.
"என்ன சொல்கிறான் உன் நண்பன்?"

"காற்று பலமாம்" என்றேன்.