ம்

இரண்டு லட்சம் கேட்டிருந்தேன்.
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து ஐந்நூற்று அறுபது வந்தது.
மிச்சம் வழியில் எங்கோ இறங்கிவிட்டது,
வண்டி நிற்குமுன்னே குதிக்கிற பையனைப் போல.

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
பழைய மிஷின்
எல்லோருடைய வழக்கிலும் ஒரு கறுப்புக் கோடு போட்டது.
புது மிஷினுக்குத்தான் கடன்.
கோடு போனது. தவணை வந்தது.
ஒன்பதாயிரத்து நானூற்று நாற்பதைப் பற்றி
யாரிடம் கேட்பதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் கடைக்குள் முழங்கால் தண்ணீர்.
பதினோரு நாள் ஷட்டர் தூக்கவில்லை.
அப்போதுதான் பழைய கவரைப் பிரித்து
மடிப்பு கலையாத தாளைப் படித்தேன்.
கடன் பாதுகாப்புக் காப்பீடு.
பிரீமியம் எட்டாயிரம், அதற்கு வரி தனி.
வேலை போனால் மூன்று தவணை நாங்கள் கட்டுவோம்.

கட்டுங்கள் என்று போனேன்.
'வேலைநீக்கக் கடிதம் வேண்டும் மேடம்.
உங்களுக்கு முதலாளி இல்லையே?'
என்னை வேலையை விட்டுத் தூக்க
என்னால் மட்டும்தான் முடியும்.
எழுதிக்கொள்ளவா?
லெட்டர்பேட் இருக்கிறது, சீல் கூட இருக்கிறது.

முதலாளி இல்லாதவளுக்கு
இதை எதற்கு விற்றீர்கள்?
'நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். பதிவு இருக்கிறது.'

அந்தப் பதிவைக் கேட்க
மூன்று கடிதம், ஒரு ஒப்புகை அட்டை,
அரைநாள் ஷட்டர் இறக்கிய நாட்கள் நாலு.
கடைசியில் ஏசி அறையில்
காதில் மாட்டக் கொடுத்தார்கள்.

சுரேந்தர் என்று ஒரு பையன்,
மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான்.
பின்னால் என் மிஷின் ஓடுகிறது.
ம், என்கிறேன் நான்.
ம்.
யாரோ ஆதாரை நீட்டிக் கேட்கிறார்,
'ரெண்டு பக்கமும் ஒரே தாள்லயாம்மா?'
ம்.
அந்த மூன்றாவதற்குத்தான்
எட்டாயிரம் பிடித்திருக்கிறார்கள்.

கதை கேட்கிறவர் ம் கொட்டாவிட்டால்
கதை நின்றுவிடும். அதற்காகக் கொட்டுகிறோம்.
ராஜா காட்டுக்குப் போனான்.
ம்.
என்றால் நானும் காட்டுக்கு வருகிறேன் என்றா அர்த்தம்?

இதை அப்படியே எழுதினேன், ராஜாவை மட்டும் எடுத்துவிட்டு.
அடுத்தவர் மனுக்களைப் பத்து வருஷம் நகலெடுத்த கை.
'மேற்படி', 'தங்கள் மேலான கவனத்திற்கு'
எல்லாம் தானாக வந்தது.
வங்கிக்கு ஒன்று,
குறைதீர்ப்பாளருக்கு ஒன்று,
எனக்கு ஒன்று.
மூன்றுக்கும் காசு வாங்கவில்லை.

ஐந்தாம் மாதம்
போனில் ஒரு குறுஞ்செய்தி.
ஒன்பதாயிரத்து நானூற்று நாற்பது, நல்லெண்ண அடிப்படையில்.
நல்லெண்ணமாம்.
என் காசு என்று போட
அவர்களிடம் எழுத்து இல்லை போல.
அந்தக் காசுக்கு நான் கட்டிய
பத்தொன்பது மாத வட்டி
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்
இன்னும் வரவில்லை. ஃபைலை மூடவில்லை.
டோனர் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கண்ணாடி மேல் வைக்கிற தாளைப் படிப்பதில்லை,
அது என் தொழில் தர்மம்.
விவாகரத்து, வாரிசுச் சான்று, சீட்டுக் கம்பெனி,
எதையும் படித்ததில்லை.

நேற்று ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர்,
காக்கிச் சட்டைப் பையிலிருந்து
வேர்வையில் நனைந்த கடன் தாளை நீட்டினார்.
மூடியை இறக்கும்போது கண்ணில் பட்டது,
அதே வரி, அதே சின்ன எழுத்து,
தொகை மட்டும் வேறு.

அண்ணா, இது எதுக்குப் பிடிச்சாங்கன்னு தெரியுமா?

ரோட்டில் நிறுத்திய வண்டியைப் பார்த்தபடியே
சொன்னார்,
ம்.

அந்த ம் எனக்குத் தெரியும்.
மிஷினை நிறுத்தினேன்.