சைபர் முதல் நாலு வரை

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, செவ்வாய்க் கிளினிக்.
சிவகடாட்சம் தேத்தண்ணி குடித்தார், சிந்தவில்லை.
கன்னம் உப்பச் சொன்னேன், உப்பினார்.
விசில் அடித்தார்;
மருந்துக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பியது.
சைபர், சைபர், சைபர்
என்று படிவத்தை நிரப்பினேன்.

"சீவாளி பட்டாத்தான், டொக்டர்."

அடுத்த செவ்வாய் நாயனத்தோடு வந்தார்.
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்,
ஜெனரேட்டர் ஓய்ந்த நேரம் பார்த்து, தோடி.
மேல் சட்ஜத்துக்கு ஏறுகையில்
இடது கடைவாய் தன்பாட்டில் கீழே இழுபட்டது.
காற்று ஓரத்தால் கசிந்தது.
பத்துத் தரம் ஏறச் சொன்னேன்,
ஏழு தரம் அறுந்தது.
அவர் கன்னத்தில் என் விரலை வைத்தபோது
நாலு தரம்தான்.

"அப்ப கோயிலுக்கு நீங்களும் வாறீங்களோ?"

சிரிக்காமல் மூன்று என்று எழுதப் போனேன்.
"நாலு எண்டா என்ன?"
"வாசிக்கவே ஏலாது எண்டு அர்த்தம்."
நாயனத்தைத் துணியில் சுற்றினார்,
சீவாளிகளை எண்ணி முடிந்தார்.
"மூண்டே போடுங்கோ.
புளியம்பொக்கணைக்கு அட்வான்ஸ் வாங்கிற்றன்."

வாசல் தாண்டி, மாமரத்தடியில்
சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே
அதே தோடியை விசிலடித்தார்.
மேல் சட்ஜம்
அச்சொட்டாய் நின்றது.